பித்தளை ஃபேனுக்கு ஆள் இருக்குது, ஓலை விசிறிக்கு?

என் வீட்டில் இப்போது பதினோரு பழைய ஃபேன் இருக்குது. ஏழு ஓடும். ரெண்டு ஓடும், ஆனா நான் ஓட விடறதில்லை. மிச்சம் ரெண்டு வெறும் கூடு, உள்ளே இருந்த செம்பை யாரோ எப்பவோ உருவி வித்துட்டாங்க. கை விசிறி எத்தனைன்னு கேட்டா சட்டுனு சொல்ல முடியாது, நாப்பதுக்குக் குறையாது. ஓலை, வெட்டிவேர், மூங்கில் பட்டை, மயில் தோகை, துணின்னு எல்லாம் உண்டு. தகரத்தில் செஞ்சதுகூட ஒண்ணு இருக்குது.

செவிலிமேட்டில் நெல்லு போடறவனுக்கு இது என்ன பைத்தியம்னு கேக்கறவங்க உண்டு. கேக்கட்டும். சீட்டாட்டத்தைவிட இது செலவு கம்மி. வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரு வருத்தம், தூசி தட்டறது அவங்க வேலையா போயிடுதுன்னு. அது நியாயமான வருத்தம்தான்.

பழைய ஃபேன்ல என்னதான் இருக்குதுன்னு கேட்டா, ஒரு தடவை ஓடறதைப் பாருங்கன்னு சொல்வேன். என்கிட்ட ஒரு மேஜை ஃபேன் இருக்குது. அடிப்பாகம் வார்ப்பிரும்பு, இறக்கை நாலும் பித்தளை. ஒரு கையால தூக்க முடியாது. சுவிட்சைப் போட்டதும் புது ஃபேன் மாதிரி சர்ருனு கிளம்பாது. முதல்ல ஒரு முனகல் வரும். அப்புறம் ஒவ்வொரு இறக்கையும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ரெண்டு சுத்து. அதுக்கப்புறம்தான் இறக்கை மறைஞ்சு, மஞ்சளா ஒரு வட்டம் மட்டும் அந்தரத்தில் நிக்கும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியா அதுமேல விழுந்தா, ஓடற இடமே தங்கத் தட்டு மாதிரி தெரியும். மிஷின் எண்ணெய் லேசா சூடான வாசனை. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

இதெல்லாம் எனக்கு எங்கேருந்து வந்ததுன்னா, பெரும்பாலும் காயலான் கடையிலிருந்துதான். காஞ்சிபுரத்தில் பழைய வீடு இடிக்கிறாங்க, பழைய ரைஸ் மில்லு மூடறாங்க, கல்யாண மண்டபத்தைப் புதுசா கட்டறாங்கன்னா முதல்ல வெளியே வர்றது மரக்கதவு, ரெண்டாவது ஃபேன். மரக்கதவுக்கு மதிப்பு உண்டுன்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஃபேனை மட்டும் இன்னும் எடைக்குத்தான் போடறாங்க. கடைக்காரர் அதை ஃபேனா பார்க்கிறதில்லை. இரும்பு இவ்வளவு, பித்தளை இவ்வளவு, உள்ளே செம்பு இவ்வளவுன்னு மூணு உலோகமா பார்க்கிறார். சுத்தியலால் நாலு போடு, முடிஞ்சுது. அறுபது எழுபது வருஷம் ஒரு குடும்பத்துக்கே காத்து கொடுத்தது அஞ்சு நிமிஷத்தில் மூணு மூட்டையாகிடும்.

எனக்கு இந்த வேலை கொஞ்சம் தெரிஞ்சது கிணத்து மோட்டாரால்தான். மோட்டார் எரிஞ்சா வைண்டிங் கடையில் ரெண்டு நாள் உட்கார வேண்டி வரும். உட்கார்ந்த இடத்தில் கண்ணால பார்த்ததுதான். புஷ் எப்படித் தேயும், சுருள் எப்படிக் கருகும், கண்டன்சர் போனா எப்படி முனகும்னு. பம்பு மோட்டாருக்கும் ஃபேனுக்கும் அடிப்படை ஒண்ணுதானே. தண்ணிக்குப் பதில் காத்து.

பழைய ஃபேன் வாங்கி ஓட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டு வந்த உடனே நேரா பிளக்கில் சொருகாதீங்க. அந்தக் காலத்து ஒயர் மேல துணியும் ரப்பரும்தான் சுத்தியிருக்கும். தொட்டா பொடிப்பொடியா உதிரும். முதல்ல ஒயரை மாத்துங்க. மூணு பின் போட்டு, உடம்புக்கு எர்த் கொடுங்க, ஏன்னா உடம்பு முழுக்க இரும்பு. அப்புறம் நூறு வாட் குண்டு பல்பு ஒண்ணை சீரிஸ்ல போட்டு ஓட்டிப் பாருங்க. பல்பு முழுசா பிரகாசமா எரிஞ்சா உள்ளே ஷார்ட் இருக்குதுன்னு அர்த்தம், நிறுத்திடுங்க. மங்கலா எரிஞ்சு ஃபேன் மெதுவா அசைஞ்சா நல்ல சேதி. அப்பவும் வைண்டிங் கடையில் ஒரு தடவை மெக்கர் வெச்சுப் பார்த்துட்டு ஓட்டறது உத்தமம். எண்ணெய் விடும்போது தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெல்லிசா விடுங்க. தேங்காயெண்ணெய் விட்டீங்கன்னா நாலு மாசத்தில் பிசின் மாதிரி இறுகிக்கும். குழந்தைங்க இருக்கற வீட்டில் கைக்கு எட்டற இடத்தில் வைக்கவே வைக்காதீங்க. அந்தக் காலத்துக் கூண்டு பேருக்குத்தான் கூண்டு, குழந்தை கையே உள்ளே போற அளவுக்கு இடைவெளி.

இன்னொண்ணு, பளபளன்னு தேய்க்கிறது. சிலர் பழைய ஃபேன் கிடைச்சதும் பெயின்டை எல்லாம் சுரண்டி, பித்தளையை பஃப் அடிச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிடறாங்க. அடிப்பாகத்தில் கறுப்புக்குப் பதிலா தங்க நிற பெயின்ட். எனக்கு அது பிடிக்கிறதில்லை. ரெகுலேட்டர் பிடி ஒரு பக்கமா தேஞ்சிருக்குதுன்னா, ஒரு மனுஷன் முப்பது வருஷம் ஒரே விரலால திருப்பியிருக்கார்னு அர்த்தம். அதைச் சுரண்டிட்டா அப்புறம் அது எந்த ஃபேனு?

மின்விசிறிக்கு ஒண்ணும் பெரிய வயசு இல்லை. 1882-ல் அமெரிக்காவில் ஷைலர் வீலர்ங்கறவர் ரெண்டு இறக்கை வெச்ச மேஜை ஃபேனைச் செஞ்சார். சில வருஷத்துக்குள்ளேயே பிலிப் டீல்ங்கறவர் ஃபேனைக் கூரையில் மாட்டினார், 1889-ல் காப்புரிமையும் வாங்கினார். இவர் சிங்கர் தையல் மிஷினோட சம்பந்தப்பட்டவர். தையல் மிஷினுக்குச் செஞ்ச மோட்டாரைத்தான் இறக்கை கட்டித் தலைகீழா தொங்க விட்டார். நம்ம நாட்டிலும் பாருங்க, உஷா கம்பெனி தையல் மிஷினும் செஞ்சது, ஃபேனும் செஞ்சது. ரெண்டுக்கும் அப்படி ஒரு பந்தம். ஆரம்பத்தில் இங்கே வந்ததெல்லாம் சீமைச் சரக்குதான். அப்புறம்தான் உஷா, கிராம்ப்டன், ஓரியன்ட், ராலி ஃபேன்னு நம்ம ஊர் ஃபேனுங்க வீட்டுக்கு வீடு ஏறினது.

அதுக்கு முன்னாடி துரைமாருங்களுக்கு யார் காத்து கொடுத்தாங்கன்னா, மனுஷன்தான். கச்சேரியிலும் பங்களாவிலும் கூரையிலிருந்து நீளமா ஒரு துணிச்சட்டம் தொங்கும். பங்கான்னு பேர். அதுல கட்டின கயிறு சுவத்து ஓட்டை வழியா வெளியே தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருத்தர் உட்கார்ந்து இழுத்துக்கிட்டே இருக்கணும், பகல் முழுக்க, சில இடத்தில் ராத்திரியும். கை ஓய்ஞ்சா கயித்தைக் கால்ல கட்டிக்கிட்டுப் படுத்தபடி ஆட்டுவாங்களாம். உள்ளே காத்து, வெளியே வேர்வை. பழைய பங்கா சட்டத்தை இப்போ ஹோட்டல்ல அலங்காரத்துக்கு மாட்டி, அந்தக் காலத்து அழகுன்னு சொல்றாங்க. எனக்கு அதைப் பார்த்தா அழகு தெரியலை, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள்தான் தெரியறார். அவரை அந்தக் கயித்திலிருந்து அவிழ்த்து விட்டது கரன்ட் ஃபேன்தான். அதனாலேயே எனக்கு அந்த இரும்புச் சாமான் மேல ஒரு மரியாதை.

எங்க களத்துக்கும் ஃபேன் வந்தது. அறுவடை மிஷின் வர்றதுக்கு முன்னாடி நெல்லைத் தூத்தறதுக்குக் காத்தை நம்பித்தான் இருந்தோம். காத்து வரலைன்னா முறத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு சிலை மாதிரி நிக்கணும். அப்புறம் கையால சுத்தற தூத்து விசிறி வந்தது, அதுக்கப்புறம் கூண்டே இல்லாத பெரிய கரன்ட் ஃபேன். அது ஒண்ணு இன்னும் என் கொட்டகையில் கிடக்குது. எந்த சேகரிப்பாளரும் அதைத் திரும்பிப் பார்க்கிறதில்லை. பித்தளை இல்லை, கம்பெனி பேர் இல்லை, பக்கத்து லேத் பட்டறையில் செஞ்ச இறக்கை. ஆனா எங்க ஊர் சோத்தில் பதரைப் பிரிச்சது அதுதான்.

எல்லா இடத்திலும் ஃபேன் வரவேற்கப்பட்டதுன்னும் சொல்ல முடியாது. நெசவுக்காரங்க வீட்டில் பழைய பாவோட புதுப் பாவை இழை இழையா பிணைக்கும்போது ஃபேனை நிறுத்திடுவாங்க. பட்டு இழை காத்துல பறந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பிணைப்பாங்க. பக்கத்தில் ஒரு ஓலை விசிறி இருக்கும், நடு நடுவே தள்ளி உட்கார்ந்து முகத்துக்கு மட்டும் நாலு வீசு. எங்கே எவ்வளவு காத்து வேணுமோ அங்கே அவ்வளவு மட்டும் கொடுக்கறது கை விசிறி.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பித்தளை ஃபேனுக்கு இப்போ ஆள் இருக்குது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்க, செட்டிநாட்டு வீட்டுச் சாமான் விக்கிற கடைங்க வரிசையா இருக்குது. அங்கே பழைய ஃபேனுக்கு என்ன மரியாதைன்னு தெரியும். அமெரிக்காவில் பழைய ஃபேன் சேர்க்கிறவங்களுக்குன்னு தனிச் சங்கமே இருக்குது. கை விசிறிக்கும் பெரிய இடத்தில் ஆள் உண்டு. லண்டன் கிரீனிச்சில் 1991-லிருந்து விசிறிக்குன்னே ஒரு அருங்காட்சியகம் நடக்குது. நம்ம நாட்டில் ஓவியர் ஜதின் தாஸ், ஒடிசாக்காரர், பல வருஷமா ஊர் ஊரா போய் ஆயிரக்கணக்கான கை விசிறியைச் சேர்த்திருக்கார். ஓலை, துணி, புல்லு, பாசி மணி, வெள்ளின்னு. டெல்லியில் கண்காட்சி வெச்சார், அந்த கிரீனிச் வரைக்கும் அவர் விசிறிங்க போயிட்டு வந்தது. பெரிய ஓவியர் ஒருத்தருக்கு ஏழை வீட்டுச் சாமான் கண்ணில் பட்டதே பெரிய விஷயம்.

ஆனா ஓலை விசிறியை பித்தளை ஃபேன் மாதிரி சேர்த்து வைக்க முடியாது. கண்ணாடிப் பெட்டியும் ஏசியும் இருக்கற இடத்தில் முடியலாம். நம்ம வீட்டில் முடியாது. ரெண்டு கோடை, மிஞ்சினா மூணு. அப்புறம் ஓரம் பிரியும், பூஞ்சை பிடிக்கும், எலி கடிக்கும், அடுப்பு ஊதப் போயி கடைசியில் அடுப்புக்குள்ளேயே போயிடும். என்கிட்ட இருக்கற ஓலை விசிறியில் பத்து வருஷத்தைத் தாண்டினது ரெண்டே ரெண்டுதான். அந்த ரெண்டையும் வீசினா உடைஞ்சிடும். வீச முடியாத விசிறி எதுக்கு?

ஓலை விசிறிக்குப் பழசுங்கறதே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் புதுசா செய்ய ஆள் இருந்தாத்தான் அந்தப் பழசு உயிரோட இருக்கும். செய்யறவங்க கை நின்னு போச்சுன்னா, நாப்பது விசிறி வெச்சிருக்கற என் வீடும் வெறும் குப்பைதான். நூறு வருஷத்துக்கு மேல பழமையான கலைப்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாதுன்னு 1972-ல் சட்டமே போட்டு வெச்சிருக்காங்க, நல்லதுதான். ரெண்டு வருஷம் மட்டும் உயிர் வாழற பொருளை எந்தச் சட்டம் வெச்சுக் காப்பாத்தறது?

இதை நான் நினைக்கும்போதெல்லாம் எங்க காஞ்சிபுரத்துத் திருக்கச்சி நம்பி ஞாபகம்தான் வரும். பதினோராம் நூற்றாண்டுக்காரர், பூந்தமல்லியில் பிறந்தவர். பெரியவங்க சொல்ற கதை இது. பெருமாளுக்கு விசிறி வீசணும்னு அவருக்கு ஆசை. ஸ்ரீரங்கம் போனார். எனக்குக் காவேரிக் காத்தே போதும்னு அரங்கன் சொல்லிட்டாராம். திருப்பதி போனார். மலை மேல ஏற்கெனவே குளிருதுன்னு அவரும் அனுப்பிட்டாராம். காஞ்சி வரதர்தான் பிரம்மா வளர்த்த வேள்வித் தீயிலிருந்து வந்தவர், அந்தச் சூடு இன்னும் ஆறலை, அங்கே போன்னு வழி காட்டினாங்களாம். சாமிக்கும் வேர்க்கும்னு நினைச்ச ஊர் எங்க ஊர். நம்பி காலம் பூரா வரதருக்கு ஆலவட்டம் வீசினார். வீசும்போது பெருமாள் அவர்கிட்ட பேசுவாராம். ராமானுஜர் தன்னோட சந்தேகத்துக்கெல்லாம் பதில் வாங்கினது நம்பி மூலமாத்தான், ஆறு வார்த்தைன்னு அதைச் சொல்வாங்க. ராமானுஜர் தினமும் ஒரு குடம் தண்ணி எடுத்துக்கிட்டுப் போய் வரதருக்குக் கொடுத்த சாலைக் கிணறு எங்க செவிலிமேட்டுப் பக்கம்தான் இருக்குது. அந்தத் தண்ணிக் கைங்கரியத்தைச் செய்யச் சொன்னதும் நம்பிதான்னு சொல்றாங்க. ஒருத்தர் காத்து, ஒருத்தர் தண்ணி. வெயில் ஊருக்கு வேற என்ன வேணும்?

கடைசியில் நம்பி மோட்சம் கேட்டாராம். நீ வீசினே, நான் பேசினேன், கணக்கு நேராச்சுன்னு பெருமாள் கைவிரிச்சாராம். ஆசாரியர் ஒருத்தரைப் பிடிச்சாத்தான் அதெல்லாம்னு பெரியவங்க இதுக்கு விளக்கம் சொல்வாங்க. எனக்கு அந்தக் கணக்குதான் பிடிச்சிருக்குது. விசிறி வீசறதுக்குக் கூலி, பக்கத்தில் உட்கார்ந்து பேசறது. எங்க அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாசம் வீட்டில் ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. இருந்தாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால வீசிக்கிட்டே இருந்தாங்க. ஃபேன் ஓடுதேம்மான்னு சொன்னேன். "அது காத்துடா"ன்னு மட்டும் சொன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லலை.

அந்த நம்பி வீசின ஆலவட்டம் எங்கேன்னு கேட்டா, யாராலயும் காட்ட முடியாது. அது போய் ஆயிரம் வருஷம் ஆகப்போகுது. சிலையில் அவர் கையில் விசிறி இருக்குது. ஆனா உண்மையான விசிறி மக்கி மண்ணாகி, அடுத்தது வந்து, அதுவும் மக்கி, அடுத்தது வந்து, இப்படித்தான் வந்திருக்குது. திருவண்ணாமலை யோகி ராம்சுரத்குமாரைப் பாருங்க. ஊரே அவரை விசிறிச் சாமியார்னுதான் கூப்பிட்டது. கையில் எப்பவும் ஓலை விசிறியும் கொட்டாங்குச்சியும். 2001-ல் மறைஞ்சார். அத்தனை வருஷமும் ஒரே விசிறியையா வெச்சிருந்திருப்பார்? பிய்ஞ்சா இன்னொண்ணு செய்ய அந்த ஊரில் ஆள் இருந்தாங்க.

எங்க பக்கம் விசிறி செய்யற ஆயா ஒருத்தங்க இருக்காங்க, பாலாத்துக்கு அந்தப் பக்கம். பங்குனி பாதியில் கட்டு கட்டா கொண்டு வந்து காஞ்சிபுரத்தில் விப்பாங்க. அவங்க செய்யறதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கேன். முத்தின ஓலை ஆகாது, வெடிச்சிடும். ரொம்பக் குருத்தும் ஆகாது, சுருண்டுக்கும். நடுத்தர இளசா, மட்டையோட சேர்த்து வெட்டணும். விரிச்சு, நிழல்ல வெச்சு, மேலே பலகையும் கல்லும் ஏத்தி ரெண்டு மூணு நாள் அமுக்கணும். வெயில்ல காயவெச்சா வேகமா காயும், ஆனா முறுக்கிக்கும். அப்புறம் வட்டமா நறுக்கி, ஓரத்துக்கு ஈர்க்கு கொடுத்துக் கட்டறது. அந்த ஓரக்கட்டுதான் வேலை. நெருக்கமா கட்டினா விசிறி விறைப்பா நிக்கும், தளர்ந்தா ரெண்டாவது மாசம் தொங்கிடும். மட்டையே கைப்பிடி, ஆணி இல்லை, பசை இல்லை. சாயம் கேட்டா ஓரத்துக்கு மட்டும் சிவப்பும் பச்சையும் தருவாங்க. "சாயத்துக்கா காத்து வருது தம்பி"ன்னு ஒரு குத்தலும் சேர்த்து.

போன வருஷம் ஒரு விசிறி நாப்பது ரூபாய்க்குக் கொடுத்தாங்க. அதையும் முப்பதுக்குக் கேட்டாங்க ஒரு அம்மா, கார்ல வந்தவங்க. ஏன் ஆயா கட்டு சின்னதாயிடுச்சுன்னு கேட்டதுக்கு, "மரம் ஏற ஆளு இல்லப்பா. கைக்கு எட்டற கன்னு மரத்துல வெட்டறேன். அதுவும் எவ்ளோ இருக்குது"ன்னாங்க. மகள் கம்பெனி வேலைக்குப் போறாங்க. அதைக் குறை சொல்ல நான் யார்? என் பையனும் வயலுக்கு வர்றதில்லை.

நம்ம மாநில மரம் பனை. 2021-ல் வேளாண்மைக்குன்னு முதல் தடவையா தனி பட்ஜெட் போட்டப்ப, கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு அறிவிச்சாங்க. நல்ல அறிவிப்பு. ஆனா ஏறாத மரம் நின்னும் விசிறிக்குப் பிரயோஜனம் இல்லை. காஞ்ச மட்டை தொங்கிக்கிட்டு, பாக்கறதுக்குத் தாடி வெச்ச மாதிரி நிக்குது. கருக்கு நறுக்கி, வருஷத்துக்கு ஒரு தடவை ஓலை கழிச்சாத்தான் மரமும் மரமா இருக்கும்.

கரன்ட் இருக்கும்போது விசிறி எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு 2011, 2012 ஞாபகம் இருக்கணும். 2011 செப்டம்பர்ல அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டம் ஆரம்பிச்சது. வீட்டுக்கு வீடு மேஜை ஃபேன் வந்தது. சொந்தமா ஒரு ஃபேனுக்கு வழியில்லாத குடும்பத்துக்கும் ஃபேன் வந்ததே, அதை நான் சாதாரணமா நினைக்கலை. ஆனா அடுத்த வருஷமே கிராமத்தில் பாதி நாளுக்கு மேல கரன்ட் இல்லை. புது ஃபேன் அட்டைப் பெட்டி மேல உட்கார்ந்திருக்கும், கீழே நாம ஓலை விசிறியோட உட்கார்ந்திருப்போம். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்பவும் கம்பமெல்லாம் சாஞ்சு நாள் கணக்கில் இருட்டு. காத்துக்கு அப்போ குறைச்சல் இல்லை, ஆனா அதுக்கப்புறம் வந்த கொசுவை ஓட்டறதுக்கு விசிறிதான் கிடைச்சது.

இன்னொண்ணும் சொல்லணும். பழைய ஃபேனைச் சேர்க்கிறவன்தான் நான், ஆனா ராத்திரி பூரா அதை ஓட்டச் சொல்லமாட்டேன். பழைய சீலிங் ஃபேன் 75, 80 வாட் இழுக்கும். அதோட பழைய பெட்டி ரெகுலேட்டர் வேற, வேகத்தைக் குறைச்சா மிச்ச கரன்ட்டைச் சூடா வெளியே விடும், தொட்டுப் பாருங்க தெரியும். இப்போ வர்ற பிஎல்டிசி ஃபேன் 28-லிருந்து 35 வாட்டுக்குள்ள முடிச்சிடுது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். தூங்கறதுக்குப் புது ஃபேன், பார்க்கறதுக்குப் பழைய ஃபேன், பக்கத்தில் இருக்கறவங்களுக்கு வீசறதுக்கு ஓலை விசிறி. என் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

ரெண்டு மாசம் முன்னாடி சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார், அந்தப் பித்தளை மேஜை ஃபேனைக் கேட்டு. நல்ல பையன், விஷயம் தெரிஞ்சவர். எந்த வருஷத்து மாடல், கூண்டுக் கம்பி எத்தனைன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவர் சொல்றார். பன்னெண்டாயிரத்தில் ஆரம்பிச்சு பதினெட்டாயிரம் வரைக்கும் வந்தார். நான் கொடுக்கிறதா இல்லை. பேசிக்கிட்டிருக்கும்போதே கரன்ட் போச்சு. திண்ணையில் கிடந்த ஓலை விசிறியை எடுத்து முக்கால் மணி நேரம் வீசிக்கிட்டே பேரம் பேசினார். கிளம்பும்போது அதைத் தரையில் போட்டுட்டுப் போனார். தப்பா சொல்லலை, எல்லாரும் அப்படித்தான் செய்யறோம். ஆனா அது எத்தனை ரூபாய், எங்கே கிடைக்கும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு அந்தப் பதினெட்டாயிரத்தைவிடச் சந்தோஷமா இருந்திருக்கும்.

வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரத்தில் எவ்வளவு கூட்டம்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடியே தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அப்போ ஊரெல்லாம் நீர்மோர், பானகம் கொடுக்கறாங்க. விசிறியும் கொடுக்கறாங்க. ஆனா என்ன விசிறி? நகைக்கடை, துணிக்கடை பேர் அச்சடிச்ச அட்டை. ஒரு பொழுதில் மடிஞ்சு தெருவில் விழுந்து, மறுநாள் குப்பை வண்டிக்குப் போகுது. விசிறி வீசியே பேர் வாங்கின அடியார் இருந்த ஊரில் இப்படியா? அட்டை அச்சடிக்கற காசில் பாதியாவது ஓலை விசிறிக்குக் கொடுத்தா, பாலாத்துக்கு அந்தப் பக்கம் நாலு குடும்பம் மூணு மாசம் உட்கார்ந்து விசிறி கட்டும். விளம்பரம் வேணும்னா கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டிக்கட்டும், யார் வேணாம்னாங்க. ஒரு கடைக்காரர்கிட்ட நேராவே சொன்னேன். "ஆயிரம் வேணும்ங்க, ஆயாவால முடியுமா?"ன்னு கேட்டார். அந்த ஒரு ஆயாவால முடியாதுதான். தை மாசமே முன்பணம் கொடுத்தா இன்னும் நாலு பேர் உட்காருவாங்க.

ஃபேன் பார்க்கணும்னு என் வீட்டுக்கு வர்றவங்க தாராளமா வாங்க. ஓட்டிக் காட்டறேன், காபி உண்டு. பங்குனி, சித்திரையில் வந்தீங்கன்னா காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் பக்கம் காலையில் ஒரு நடை நடந்துட்டு வாங்க, ஆயா இருப்பாங்க. பத்து மணிக்கு மேல வெயிலுக்குப் பயந்து கிளம்பிடுவாங்க. நாப்பது ரூபாய், இந்த வருஷம் அம்பது ஆகியிருக்கலாம். பேரம் பேசாதீங்க. ஓரத்தை விரலால தடவிப் பார்த்து, கட்டு நெருக்கமா இருக்கறதா எடுங்க.